மூணு ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர் ஓசி (ஓப்பன் சர்க்யூட்), எஸ்சி (ஷார்ட் சர்க்யூட்) டெஸ்ட்: சிமுலிங்க்ல நான் மாட்டின இடங்கள்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு, ஊர்ல கம்பத்து மேல நிக்குதே அந்த மாதிரி 100 கேவிஏ, 11 கேவி / 433 வோல்ட் டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரை சிமுலிங்க்ங்கிற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல போட்டேன். கோர் லாஸ் 260 வாட், காப்பர் லாஸ் 1760 வாட், இம்பிடன்ஸ் 4.5 சதவீதம், நோ லோட் கரண்ட் 2 சதவீதம்னு எடுத்து பர் யூனிட்டா (ரேட்டிங்ல எத்தனை பங்குன்னு) மாத்திக் குடுத்தேன், டெஸ்ட் பண்ணா இதே நம்பர் திரும்ப வரணும், அவ்ளோதான்.

எஸ்சி டெஸ்ட்ல எல்வி (லோ வோல்டேஜ், 433 வோல்ட்) சைடை ஷார்ட் பண்ணிட்டு சோர்ஸை 11 கேவிலயே விட்டுட்டேன். கரண்ட் 117 ஆம்பியர், பவர் 870 கிலோவாட் பக்கம் காட்டுது, ஆனா ஒரு எரர் வரல, மாடல் அது பாட்டுக்கு ஓடுது. அப்புறம் ஃபுல் லோட் கரண்ட் மட்டும் ஓடுற மாதிரி 11 கேவில 4.5 சதவீதம், அதாவது 495 வோல்ட்டுக்கு இறக்கினேன், 5.25 ஆம்பியர், 1760 வாட்னு வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் ரெசிஸ்டன்ஸ் கணக்கு. எனக்கு ஃபேஸுக்கு 21.3 ஓம், கூட பண்ற ஃப்ரெண்டுக்கு 64 ஓம், ஒரு சாயங்காலம் முழுக்க சண்டை. ஹெச்வி (ஹை வோல்டேஜ், 11 கேவி) சைடு டெல்டாங்கிறதால வைண்டிங்குல ஓடுறது 3.03 ஆம்பியர்தான், அதனால 64 தான் நிஜ வைண்டிங்கோடது, என்னோடது ஸ்டாரா மாத்தினது, சரியா மூணு மடங்கு.

ஓசி டெஸ்ட்லதான் ரெண்டு நாள் போச்சு. எல்வி சைடுல 433 குடுத்து ஹெச்வியை ஓப்பனா விட்டேன், வாட் 260 கரெக்ட்டா வருது, கரண்ட் மட்டும் 2.67 வரவேண்டிய இடத்துல ஆர் ஃபேஸ்ல நாலரை, மத்த ரெண்டுலயும் 3.2! ஸ்கோப்பை பெருசாக்கிப் பாத்தப்போதான் தெரிஞ்சுது, சைன் வேவ் ஜீரோ கோட்டுல இல்லாம மேல தூக்கி நிக்குது. பிரேக்கரை 0.1 செகண்ட்ல மூடுற மாதிரி வெச்சிருந்தேன், அது ஆர் ஃபேஸ் வோல்டேஜ் ஜீரோவைத் தாண்டுற நேரம், அதுல டிசி ஆஃப்செட் (வேவை அப்படியே மேல தூக்கிப் பிடிக்கிற ஒரு பக்கக் கரண்ட்) ஏறிடுச்சு. என் மாடல்ல சாச்சுரேஷனும் (கோர்ல காந்தம் நிரம்பிப் போறது) கிடையாது, ரெசிஸ்டன்ஸும் ரொம்பக் கம்மி, அந்த ஆஃப்செட் எவ்ளோ வேகமா தேயும்னு சொல்ற டைம் கான்ஸ்டன்ட் போட்டுப் பாத்தா 18 செகண்ட் வருது, நான் ஓட்டினதோ 1 செகண்ட். பிரேக்கரை ஆரம்பத்துலயே மூடி வெச்சு ஸ்டெடி ஸ்டேட்ல இருந்து ஓட்டினதும் மூணு ஃபேஸும் 2.67.

*

தம்பி, உங்க போஸ்ட்டைப் படிச்சேன், அந்த ஆஃப்செட்டை விடாம தேடிக் கண்டுபிடிச்சீங்க பாருங்க, மனசுக்கு நிறைவா இருக்கு. நிஜ இரும்புக் கோர்ல அதுதான் இன்ரஷ் (சுவிட்ச் போட்டதும் பாயுற பெரிய கரண்ட்), அதனாலதான் நாங்க லேப்ல வேரியாக்கை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற கருவி) ஜீரோல வெச்சுத்தான் சுவிட்ச் போட விடுவோம்.

மெஷின்ஸ் லேப்ல ரொம்ப வருஷம் இருந்தவன், ஓசி டெஸ்ட்ல வருஷா வருஷம் பாத்தது ஒண்ணு சொல்றேன். மூணு ஃபேஸ் பவரை ரெண்டு மீட்டர்ல அளந்து கூட்டுற ரெண்டு வாட்மீட்டர் முறைல ஒரு மீட்டர் முள்ளு ரிவர்ஸ்ல போய் இடிக்கும், பசங்க பயந்து சப்ளையை ஆஃப் பண்ணிடுவாங்க. பவர் ஃபேக்டர் 0.5க்குக் கீழ போனா அப்படித்தான் ஆகும், உங்க டிரான்ஸ்ஃபார்மருக்கு 0.13 தானே, ஒரு மீட்டர் 702 வாட், இன்னொண்ணு மைனஸ் 442, கூட்டினா 260. கரண்ட் காயிலை மாத்திக் குடுத்து ரீடிங் எடுத்துட்டு, அந்த மைனஸை ரெக்கார்டுல மறந்துட்டு 1144 வாட் கோர் லாஸ்னு எழுதி, அதை வெச்சே ஈக்விவலண்ட் சர்க்யூட் (டிரான்ஸ்ஃபார்மருக்குச் சமமான சர்க்யூட் படம்) முழுக்க போட்டுட்டு வந்து நிப்பாங்க. மனசு கேக்காம பக்கத்துல உக்காந்து திரும்பக் கணக்கு போட வெப்பேன்.

உங்க மாடல்ல மூணு ஃபேஸ் பவர் பிளாக்கை எடுத்துட்டு ரெண்டு வாட்மீட்டரா போட்டு ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஃபேஸ் சீக்வென்ஸை (மூணு ஃபேஸும் வர்ற வரிசையை) மாத்துங்க, மைனஸ் அடுத்த மீட்டருக்குப் போயிடும்.