மிருகப் படம் போட்ட தங்க நாணயம் கையில வந்தால்: அனுபவப் பகிர்வு

மாங்குளத்தான்:
வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வரேக்க பரிசாக் கொண்டு வாற தங்கக் காசுகளில கங்காருவும் மானும் பண்டாவும் போட்டதுகள் இருக்கு. நகைக்கடையில கேக்கிற முதல் கேள்வி "எத்தினை பவுண்?" எண்டதுதான். கணக்கை வீட்டிலயே போட்டுக்கொண்டு போங்கோ. தங்கத்துக்கு ஒரு அவுன்ஸ் எண்டால் 31.10 கிராம் சுத்தத் தங்கம். எங்கட பவுண் 22 கரட், 8 கிராம். 31.10 ஐ 0.9167 (24 இல 22 பங்கு) ஆல பிரிச்சு, பிறகு 8 ஆல பிரிச்சால் 4.24 பவுண்.

அவுஸ்திரேலியக் கங்காரு 9999 தரம் (பத்தாயிரத்தில 9999 பங்கு தங்கம்), 31.10 கிராம் நிறுக்கும். 1986 இல தொடங்கேக்க அதில தங்கக் கட்டிப் படந்தான் இருந்தது. 1989 இல இருந்துதான் கங்காரு. தென்னாபிரிக்காவின்ர குருகராண்ட் 1967 இல இருந்து வருது, ஒரு பக்கம் ஸ்பிரிங்பொக் மான். அது 33.93 கிராம். பாரம் கூடினாலும் உள்ளுக்கு இருக்கிற தங்கம் கங்காருவில இருக்கிற அதே அளவுதான், மிச்சம் செம்பு. அதாலதான் சிவப்படிக்கும். நிறத்தைப் பாத்து "தரம் குறைவு" எண்டு விலையை இறக்கினால் ஏமாறாதேங்கோ.

கனகராயன்குளம் அக்கா:
தம்பியின்ர கணக்கு சரி. சீனப் பண்டாவுக்கு மட்டும் கவனம். 2015 வரைக்கும் பெரிய காசு ஒரு அவுன்ஸ், 2016 இல இருந்து 30 கிராம். 2018 எண்டு ஆண்டு போட்டு 31.1 கிராம் நிறுக்கிறதும், 2010 போட்டு 30 கிராம் எண்டு எழுதியிருக்கிறதும் போலி. வேற சோதனையே தேவையில்லை. 30 கிராம் பண்டா 999 தரம் (ஆயிரத்தில 999 பங்கு தங்கம்), 4.09 பவுண் வரும். படம் வருசா வருசம் மாறும்; 2001 உம் 2002 உம் மட்டும் ஒரே படம்.

முள்ளியவளை:
காசு போலியோ எண்டு பாக்கிற தண்ணிச் சோதனையை வடிவா எழுதிறன், கனபேர் பிழையாச் செய்யினம். 0.01 கிராம் காட்டிற சின்ன டிஜிற்றல் தராசு வேணும். காத்தாடியை நிப்பாட்டுங்கோ, காத்துக்கு இலக்கம் ஆடும். முதல் காசைக் காய நிறுத்து எழுதுங்கோ. பிறகு அரைக் கிளாஸ் தண்ணியைத் தராசில வச்சுப் பூச்சியமாக்குங்கோ. மெல்லிய நூலால காசைப் பார்சல் கட்டிற மாதிரிக் கட்டி, முழுசா அமிழ, அடியிலயும் பக்கத்திலயும் முட்டாமல் தொங்கவிடுங்கோ. இப்ப தராசு காட்டிறது காசின்ர கன அளவு (கன சென்ரிமீற்றரில); காய நிறுத்த பாரத்தை இதால பிரிச்சால் அடர்த்தி. கங்காருவுக்கு 1.61, குருகராண்டுக்கு 1.93, 30 கிராம் பண்டாவுக்கு 1.55 கிட்ட வரவேணும். உள்ளுக்கு ஈயமெண்டால் கங்காருப் பாரத்துக்கு 2.7 காட்டும்.

பிழைக்கிற இடம் காத்துக் குமிழி. 0.05 கூடினாலே நல்ல தங்கத்தின்ர அடர்த்தி 19.3 இல இருந்து 18.7 க்கு இறங்கிப் போலி மாதிரிக் காட்டும். ஒரு துளி பாத்திரம் கழுவிற திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. கிணத்துத் தண்ணி உவர் எண்டு யோசிக்க வேண்டாம், குடிக்கக்கூடிய தண்ணியெண்டால் வித்தியாசம் தெரியாது.

உள்ளுக்கு டங்ஸ்ரன் எண்ட உலோகம் வச்ச போலியை இது பிடிக்காது. அதின்ர அடர்த்தி 19.25, தங்கத்துக்கு ஒட்டி நிக்கும். கடையில இருக்கிற எக்ஸ்றே மெசினும் மேல்தோலை மட்டுந்தான் வாசிக்கும். வாங்கினால் ரசீதோட வாங்கிறதுதான் பாதுகாப்பு.

கனகராயன்குளம் அக்கா:
உரைகல்லில மட்டும் விடாதேங்கோ. ஒரு இழுப்பு இழுத்தால் விளிம்பு தேஞ்சிடும், பிறகு அது சேகரிப்புக் காசில்லை, வெறும் பவுண்தான். புளி, சாம்பல், பற்பசை ஒண்டும் போட்டுத் தேய்க்கக் கூடாது; 24 கரட் நகம் பட்டாலே கீறும் எண்டு நினைச்சுப் பிடியுங்கோ. மேல சிவப்புப் புள்ளி வந்தால் அது கறள் இல்லை, அடிக்கேக்க மேல பட்ட செம்பு மாதிரித் துணுக்கு. விட்டிடுங்கோ.

எங்கட வெக்கைக்கு மெல்லிய பிவிசி பிளாஸ்ரிக் உறை கூடவே கூடாது. நாள்பட சிதைஞ்சு பச்சையாப் பிசுபிசுக்கும். ஒட்டினால் சுத்த அசிற்றோனில ஊறவிட்டு எடுக்கலாம், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். வைக்கிறதுக்குக் கடும் அக்ரிலிக் கூடு நல்லது.

நெடுங்கேணி:
பழைய பெட்டியளில 33.437 கிராம், 900 தரக் காசு வந்தால் உருக்கக் குடுக்காதேங்கோ. 1974 இல தொடங்கின வனசீவராசிப் பாதுகாப்புத் தொடர்: நேபாளத்துக் காண்டாமிருகம், இந்தோனேசியக் கொமோடோப் பல்லி, மலேசியத் தபீர் (பண்டி மாதிரி ஒரு மிருகம்), பாகிஸ்தான் மார்க்கோர் காட்டாடு. தங்கமாக் கணக்குப் பாத்தால் 4.10 பவுண், சேகரிக்கிற ஆக்களிட்ட அதைவிடக் கூடப் போகலாம். நேபாளக் காசில ஆண்டு 2031 எண்டு நாகரி இலக்கத்தில இருக்கும். பயப்பட வேண்டாம், விக்கிரம ஆண்டு, அதுதான் 1974.

மாங்குளத்தான்:
சங்கிலியில போடக் கேக்கிறவைக்கு: வளையம் ஒட்டக் குடுக்காதேங்கோ, சூடு பட்ட இடம் நிறம் மாறி அடையாளம் நிண்டிடும். விளிம்பைச் சுத்திப் பிடிக்கிற சட்டம் செய்விக்கலாம். சவரின் எண்ட பிரிட்டிஷ் தங்கக் காசுக்கு அடிச்ச 22 மில்லிமீற்றர்ச் சட்டம் ஒரு அவுன்ஸ் காசுக்குப் பொருந்தாது, குருகராண்ட் 32 ஐத் தாண்டும். பத்தரிட்டக் காசையே கொண்டுபோய் அளவு எடுப்பியுங்கோ, கூட்டோட.