பறையைப் பாடமாக்கினால் ஆசானுக்கு எங்கே நாற்காலி?

செம்மண் ஆசிரியர்:

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். 2022இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியபோது போட்டிக்காகச் சில பிள்ளைகளுக்குப் பறை பழக்கினோம். போட்டி முடிந்தும் அவர்கள் விடவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் 22 பேர் வருகிறார்கள்.

அவர்களில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பறையில் தலை நிமிர்ந்து பேசியதே இல்லை. ஆனால் அடித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பறையின் தோல் தளர்ந்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடிப்பவன் அவன்தான். கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்துவான். வைக்கோலைக் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவான். விரலால் சுண்டிப் பார்ப்பான். போதவில்லை என்றால் மறுபடியும் காய்ச்சுவான். அவன் தலையசைக்கும் வரை மற்ற 21 பேரும் காத்திருப்பார்கள்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள் உண்டு. மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் பறை இல்லை. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறார். யாழ் நம் கையை விட்டுப் போய்விட்டது. பறை இன்னும் கையில் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இதை முறையான இசைப் பாடமாக வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன்:

ஐயா, உங்கள் நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் எதிர்க்கிறேன்.

என் அப்பா நாற்பது ஆண்டுகள் அடித்தவர். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அடிக்குச்சி உரசி உரசிக் காய்த்த தடம் இன்றும் இருக்கிறது. இழவு வீட்டில் காலை முதல் அந்தி வரை வெயிலில் நிற்பார். பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகுதான் அவருக்கு இலை, அதுவும் வாசலுக்கு வெளியே. வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. 1990களில் எங்கள் பக்கத்து ஊர்களில் இளைஞர்கள் இனி அடிக்க மாட்டோம் என்று நின்றார்கள், சிலர் பறையையே உடைத்தார்கள். அதற்காக வேலையும் கடன் உதவியும் நிறுத்தப்பட்ட குடும்பங்களை நான் அறிவேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. நான் பறையைத் தொடக் கூடாது என்று அப்பாவே சொல்லி வளர்த்தார்.

நாங்கள் போராடிக் கீழே இறக்கி வைத்ததை எங்கள் பிள்ளைகளின் தோளில் பள்ளிக்கூடமே மறுபடியும் மாட்டிவிடலாமா?

ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியர்:

தம்பி மேலூர்க்காரன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வலியை மறுத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. பாடத்திட்டம் என்பது எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி மட்டும், முப்பது ஆண்டுகள் குரலிசை சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எழுத்தில் வராத கலைக்குக் கல்விக்கூடத்தில் இடம் கிடைக்காது. ஆபிரகாம் பண்டிதர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்தவர் அல்லர். தஞ்சாவூரில் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார், வித்துவான்களோடு சுருதிக் கணக்கைப் பற்றி வாதாடினார், 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை அச்சிட்டார். தமிழிசைக்குப் பழைமையான இலக்கணம் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் நிமிர்ந்து பேசுவதற்கு அந்த எழுத்து துணையாக நின்றது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்து, பின்பு பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் ஆண்டுதோறும் நடந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி. மிருதங்கத்துக்குத் தா, தி, தொம், நம் என்று தொடங்கும் முதல் பாடம் உண்டு. பறைக்கும் அப்படி ஒரு வரிசை வேண்டும். முதலாண்டில் எந்த அடிகள், எந்தக் காலத்தில், தேர்வில் எதை வாசிக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். உணர்ச்சியால் மட்டும் ஒரு பாடம் நிலைக்காது.

நெய்தல் (நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மாணவி):

ஐயா, எழுத வேண்டும் என்பதை ஏற்கிறேன். எதை எழுதுவது என்பதில்தான் எனக்குத் தயக்கம். ஒத்தையடி, சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று பெயர்களைப் பட்டியலிடலாம். ஆனால் ஒரே பெயருள்ள அடியை ஓர் ஊரில் ஒரு மாதிரியும் அடுத்த ஊரில் வேறு மாதிரியும் அடிக்கிறார்கள். அவற்றில் ஒன்றைப் பாடநூலில் அச்சடித்தால் அதுவே ‘சரி’ ஆகிவிடும். மற்ற ஊர்க் கலைஞர்கள் ஒரே நாளில் ‘தப்பாக அடிப்பவர்கள்’ ஆகிவிடுவார்கள்.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் வெண்டா மக்களிடையே 1950களில் தங்கி ஆய்வு செய்த ஜான் பிளாக்கிங், இசை எல்லோருக்கும் இயல்பான திறன் என்று அவர்கள் கருதுவதைக் கண்டார். இசை ஞானம் ஒரு சிலருக்குத்தான் வாய்க்கும் என்று நினைக்கும் மேற்கத்தியக் கல்வியை அதை வைத்தே கேள்வி கேட்டார். தேர்வு வைத்து, மதிப்பெண் போட்டு, பாதிப் பேரை ‘உனக்கு வராது’ என்று அனுப்பும் முறையில் பறையைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டாமா?

அண்ணன் மேலூர்க்காரனிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பறையைத் துறந்ததைப் போலவே, அதை மீட்டெடுத்ததும் ஒடுக்கப்பட்ட மக்கள்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையை ஏந்தி மேடையேறினார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையே விடுதலையின் மொழியாக்கினார். இவற்றைப் பற்றி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் சோயி ஷெரினியன் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறார். 2011இல் பறைக் கலைஞர்களைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். மறுத்தவர்களின் துணிவைப் போலவே மீட்டவர்களின் துணிவும் பெரியது.

ஸ்காபரோ அம்மா:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரொன்டோவில் இருக்கிறேன். 2016இல் கனடா நாடாளுமன்றம் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அந்த மாதம் வந்தால் பிள்ளைகள் பனி கொட்டும்போதும் பறைப் பயிற்சிக்கு ஓடுகிறார்கள். என் மகளுக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாது. பறை அடிக்கும்போதுதான் தன்னைத் தமிழச்சியாக உணர்கிறேன் என்கிறாள். அந்த அடையாளத்தை எல்லாத் தமிழருக்கும் பொதுவாக்குவது நல்லதுதானே? பழைய காயத்தை ஏன் அடுத்த தலைமுறைக்கும் கொடுக்க வேண்டும்?

மேலூர்க்காரன்:

அக்கா, உங்கள் மகள் அடிக்கட்டும். அவளுடைய மகிழ்ச்சியில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் ‘எல்லாத் தமிழரின் கருவி’ என்று நீங்கள் சொல்லும்போது, எத்தனையோ தலைமுறைகளாக அதை யார் அடித்தார்கள், யார் அடிக்கச் சொன்னார்கள் என்பது வரலாற்றிலிருந்து காணாமல் போகிறது. அடித்தவனின் சாதிப் பெயரை வசவாக வைத்துக்கொண்டு கருவியை மட்டும் பெருமையாக எடுத்துக்கொள்வது எப்படிப் பொதுவாகும்? எங்கள் ஊர்ப் பள்ளியில் என்னைப் பார்த்து டண்டணக்கா என்று வாயால் அடித்துக் காட்டிய பையன்கள் இப்போது நகரத்து மேடைகளில் பறைக்குக் கைதட்டுகிறார்கள். உங்கள் மகளுக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம், பறையின் கதை தெரிய வேண்டும்.

நெய்தல் தங்கைக்கு: ஆய்வைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான்கு நாள் தங்கினார். அப்பா மறந்துபோன அடிகளைக்கூட இரவில் படுத்தபடி யோசித்து யோசித்துக் காலையில் அடித்துக் காட்டினார். இடக்கையில் பிடிக்கும் மெல்லிய சுண்டுக்குச்சிக்கு மூங்கிலை எப்படிச் சீவுவது என்பது வரை சொன்னார். பிறகு நான் அந்த ஆய்வேட்டை நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அப்பா சொன்னதெல்லாம் வார்த்தை மாறாமல் இருந்தது. அப்பாவின் பெயர் மட்டும் இல்லை. ‘தகவலாளி 7’ என்று இருந்தது. அவர் முனைவர் ஆனார். அப்பா இன்னும் ‘தகவலாளி 7’தான்.

நெய்தல்:

அண்ணா, இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. எங்கள் துறை செய்த தவறு அது. தகவலாளியைப் பாதுகாக்கப் பெயரை மறைக்கும் மரபு ஒன்று உண்டு. சாட்சி சொல்பவருக்கு அது பொருந்தும், கலைஞருக்குப் பொருந்தாது. ராகம் பாடியவரின் பெயரை மறைத்து எவரும் இசை ஆய்வு எழுதுவதில்லையே.

ஆனால் வேறு வழியும் இருந்திருக்கிறது. ஆய்வாளர் தான் ஆராயும் இசையைத் தானே வாசிக்கக் கற்க வேண்டும் என்று 1960இல் அமெரிக்க இசை ஆய்வாளர் மேண்டில் ஹூட் வலியுறுத்தினார். கற்க வேண்டுமென்றால் குரு வேண்டும். 1963இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் டி. ரங்கநாதனை மிருதங்கம் கற்பிக்க அழைத்தது. அங்கே அவர் தகவலாளியாக இருக்கவில்லை, ஆசிரியராக இருந்தார். மிருதங்கத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த நாற்காலியைப் பறைக்கும் கேட்போம். மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது.

இங்கேயும் கதவு இருக்கிறது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு நடைமுறைப் பேராசிரியர் என்ற முறையைக் கொண்டுவந்தது. துறையில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் போதும், பட்டம் கட்டாயமில்லை. 2025இல் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது ஒருவருக்கு ஒருநாள் நடக்கும் சிறப்பு. மாதச் சம்பளமும் வருகைப் பதிவேட்டில் பெயரும் வேறு வகை மரியாதை. அதைப் பல்கலைக்கழகங்கள் பறைக் கலைஞர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியர்:

‘தகவலாளி 7’ என்பதைப் படித்த பிறகு என் முந்தைய பதிவில் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. தமிழிசை இயக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். அதன் கவனமெல்லாம் பாடலின் மொழியிலும் பண்ணிலும் இருந்தது. தமிழில் பாட வேண்டும் என்று கேட்டோம். தமிழ் மண்ணில் யாருடைய கருவிகள் மேடைக்கு வெளியே நிற்கின்றன என்று போதிய அளவு கேட்கவில்லை. அந்த இயக்கத்தால் வளர்ந்தவன் நான், அதனால் இதை நான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் எழுத வேண்டும் என்பதில் மாற்றமில்லை. நெய்தல் சொல்லும் ஊர் வேறுபாட்டையும் சேர்த்தே எழுதலாம். இந்த அடி இந்த ஊரில் இந்த ஆசான் அடித்தபடி என்று, பெயரோடு. ஒரே பாடலை ஒவ்வொரு குரு வழியிலும் வேறு மாதிரி பாடும் பாடாந்தரங்கள் இருப்பதை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லையா?

மேலூர்க்காரன்:

பெயரோடு எழுதுவது என்றால் நான் யோசிக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. பயிற்சிக்கு வருகிறவருக்குப் ‘போக்குவரத்துச் செலவு’ என்று கையில் நூறு ரூபாய் திணிப்பது கூடாது. ஆசிரியருக்கு என்ன நாற்காலியோ அதே நாற்காலி. தலைமையாசிரியர் அறையில் தேநீர் கொடுத்தால் அவருக்கும் அதே குவளை.

செம்மண் ஆசிரியர்:

நான் எழுதிவைத்திருந்த கோரிக்கையைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன். பாடத்துக்கு முன்னால் ஆசான் பணியிடம் கேட்கிறேன். பட்டம் இல்லாதவர்களை நியமிக்கத் தளர்வு கேட்கிறேன். எந்தப் பிள்ளைக்கும் கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்திருக்கிறேன். தம்பி மேலூர்க்காரன், ஒரு சனிக்கிழமை உங்கள் அப்பாவை அழைத்து வருவீர்களா? அவர் பெயரைச் சொல்லுங்கள், கரும்பலகையில் ஆசான் என்று எழுதி வைக்கிறோம்.

மேலூர்க்காரன்:

நேற்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்த 22 பிள்ளைகளும் எந்தத் தெரு?”

செம்மண் ஆசிரியர்:

19 பேர் காலனித் தெரு. மூன்று பேர் ஊர்த்தெரு. அந்த மூவரில் ஒரு மாணவியைப் போன வாரம் முதல் வீட்டில் அனுப்பவில்லை. நானும் தலைமையாசிரியரும் நாளை மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். போய்வந்து எழுதுகிறேன்.