குளத்தில் மிதக்கும் நிழற்குடை: பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

இரணியல் பகுதியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

முழங்கால் தேய்மானத்துக்கு நடப்பதைவிட நீந்துவது நல்லது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, மூன்று ஆண்டுகளாக எங்கள் தெருவுக்குக் கிழக்கே உள்ள குளத்தில் இறங்கி வருகிறேன். வீட்டு வேலை முடிந்து, பேரப்பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, படித்துறைக்கு வந்து சேரும்போது மணி பத்தரை ஆகிவிடும். அந்த நேரத்தில் குளம் முழுவதும் எனக்குத்தான். வெயில் முழுவதும் எனக்குத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் கோடை முடிவதற்குள் மூக்கின் தோல் இரண்டு முறை உரிந்தது. கன்னத்தில் ஏற்கெனவே இருந்த மங்கு காதுவரை பரவியது. சன்ஸ்கிரீனைத் தடவிக்கொண்டு இறங்கினால், தண்ணீரிலிருந்து ஏறித் துவர்த்தால் (துண்டால்) துடைக்கும்போது பாதி துணியோடு போய்விடுகிறது.

சென்ற ஆண்டு என் மகன் ஒரு மிதக்கும் நிழற்குடையை வாங்கி அனுப்பினான். காற்றடைத்த ஒரு வளையம், அதன்மேல் வளைந்து நிற்கும் நான்கு கண்ணாடியிழைக் கம்பிகள், அவற்றின் உச்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்குத் துணி. மடித்தால் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடுகிறது. துணியில் யுபிஎப் 50 என்று அச்சிட்டிருந்தார்கள். தன்மேல் படும் புற ஊதாக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே அத்துணி உள்ளே விடும் என்பது அதன் பொருள். முதல் நாள் அதை விரித்துக்கொண்டு நான் நடுக்குளத்துக்குப் போனபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, “டீச்சர் குளத்துல பந்தல் போட்டாச்சு, சாப்பாடு எப்போ?” என்று கேட்டாள். இன்றுவரை அந்தக் குடைக்குப் பந்தல் என்றுதான் பெயர்.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. விடுமுறை நாளொன்றில் வெயில் ஏறுவதற்கு முன்பே குளித்துவிடலாம் என்று எட்டரை மணிக்கே இறங்கினேன். துணி என் தலைக்கு நேர் மேலே இருந்தது. நிழலோ எனக்கு மேற்கே ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளித் தண்ணீரில் தனியாக மிதந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டில் படம் போட்டுப் பார்த்த பிறகே விளங்கியது. நீர்மட்டத்திலிருந்து துணி 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 32 பாகை உயரத்தில் நிற்கும் அந்த நேரத்தில் நிழல் 96 சென்டிமீட்டர் விலகும். பத்தரை மணிக்குச் சூரியன் 60 பாகையைத் தாண்டிவிடுவதால் 32 சென்டிமீட்டர்தான் விலகும். நம் கன்னியாகுமரி மாவட்டம் வட அட்சம் 8 பாகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கிறது. அன்று குடையின் நிழல் இம்மியும் நகராமல் வளையத்துக்குள்ளேயே விழுகிறது. ஆகவே மிகக் கொடிய வெயிலுக்குத்தான் இது மிக நன்றாக உதவுகிறது. காலையிலும் மாலையிலும் சூரியன் இருக்கும் பக்கத்துக் கம்பிகளின் கயிற்றை இறுக்கித் துணியைச் சாய்த்துவிட வேண்டும். அப்படிச் சாய்க்க வசதியில்லாத குடையை வாங்குவது வீண்.

குடை இருக்கிறதே என்று கையில்லாத சட்டை போட்டு இறங்குவதும் சரியல்ல. நீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 40 விழுக்காடு வரை இருக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முகம் நிழலில் குளிர்ச்சியாக இருக்கும்போது, நிழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் கறுத்துக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாது. நான் முழுக்கைச் சட்டையோடுதான் இறங்குகிறேன்.

மற்றவர்கள் இதை எங்கே, எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

மணக்குடியிலிருந்து:

டீச்சர் அவர்கள் குளத்தில் பயன்படுத்தியதால் இந்தக் குடையை நிழலாகப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் இதைப் படகுப் பாயாகப் பார்த்தோம். சென்ற தை மாதம் மதுரையிலிருந்து வந்த உறவினர்கள் இப்படியொன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். பழையாறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு உள்ளே, காயலின் அமைதியான பகுதியில், காலை ஏழு மணிக்கு என் அக்காள் மகனை அதற்குள் இறக்கிவிட்டோம். பதினான்கு வயது, நன்றாக நீந்துவான். அலையே இல்லாத இடம் என்பதால் எல்லோரும் கரையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

பொழிமுகத்தை அடைக்கும் மணல்திட்டு அப்போது திறந்திருந்தது. ஓதம் (கடல்நீர்மட்டம்) இறங்கும் நேரம். அதற்கும் மேலாக, அதிகாலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றோடு அந்த மாதத்து வாடையும் சேர்ந்துகொண்டது. வெறும் ஆளாக இருந்திருந்தால் உடலின் பெரும்பகுதி நீருக்குள் இருப்பதால் காற்று அவனை ஒன்றும் செய்திருக்காது. துணியோ காற்றை முழுதாக வாங்கிக்கொண்டது. காற்றடைத்த வளையத்துக்கு நீருக்கடியில் பிடிப்பு எதுவும் கிடையாது. நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, கடலுக்குத் திறக்கும் துவாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். குடையை விட்டுவிட்டு நீந்தி வந்திருக்கலாம். ஆனால் மிதக்கும் பொருள் கையில் இருக்கும்போது அதை விடுவதற்கு யாருக்கும் மனம் வராது. அவனும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தொழில் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த எங்கள் மாமா ஒருவர் வள்ளத்தைத் திருப்பி, பையனையும் குடையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். கரையில் இறக்கிவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பாயைக் கட்டிட்டு நங்கூரத்தை வீட்டுல வச்சிட்டு வந்தியாலே மக்கா?”

பிற்பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிப்பதால் அந்த நேரத்தில் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். காற்றைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், காற்றைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. நம் கரையில் வானமும் காற்றும் அமைதியாக இருக்கும்போதே தொலைவிலிருந்து வரும் கள்ளக்கடல் என்னும் திடீர்ப் பேரலை என்ன செய்யும் என்பதை 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை கொண்டுபோனபோது பார்த்தோம். முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை என்று எந்தக் கடற்கரைக்கும் இந்தக் குடையைக் கொண்டுபோக வேண்டாம். மணலில் நட்டுக்கொண்டு உட்காருவதானால் சரி.

தோவாளையிலிருந்து:

ஆனி மாதத்தில் எங்கள் சானலில் (பாசனக் கால்வாயில்) ஒரே ஒருமுறை விரித்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அதை மூன்று நொடிக்குள் புரட்டிப் போட்டு, துணியை நீருக்கடியிலும் வளையத்தை மேலேயும் ஆக்கிவிட்டது. காற்றாலைகள் நட்டிருக்கும் ஊர்க்காரர்கள் குடைக்குப் பதிலாகத் தொப்பி வாங்கிக்கொள்ளலாம்.

தக்கலையிலிருந்து:

நான் வாங்கவில்லை, வீட்டிலேயே செய்தேன். அதில் கற்றுக்கொண்ட இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். லாரி டியூபின்மேல் பிவிசி குழாய்களை வளைத்துக் கட்டி, முதலில் பழைய வேட்டியைப் போர்த்தினேன். பருத்தி நனைந்ததும் கனத்துத் தொங்கித் தலையில் ஒட்டிக்கொண்டது. நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி வெயிலையும் நன்றாகத் தடுப்பதில்லை. பிறகு உடைந்த குடை ஒன்றின் துணியைப் பிரித்துப் போட்டேன், வெள்ளிப் பூச்சு மேற்புறமாகவும் கறுப்பு கீழ்ப்புறமாகவும். தண்ணீரிலிருந்து மேலே தெறிக்கும் ஒளியைக் கறுப்பு உள்ளிழுத்துக்கொள்வதால் கண் கூசுவது வெகுவாகக் குறைந்தது.

இரண்டாவது, கவிழ்வதைப் பற்றியது. எடை மேலே இருப்பதால் சாய்கிறது, கீழே எடை கட்டினால் நிற்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டு லிட்டர் பாட்டில்கள் நான்கில் தண்ணீர் நிரப்பி வளையத்துக்கு அடியில் தொங்கவிட்டேன். ஒரு பயனும் இல்லை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது என்பதைப் பத்தாம் வகுப்பில் எழுதித் தேர்ச்சி பெற்றவன் நான்! அதே பாட்டில்களில் ஆற்றுமணலை நிரப்பிக் கட்டிய பிறகு குழித்துறைத் தாமிரபரணியில் லேசான காற்றுக்கு அசைந்துகொடுத்து நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் சுமந்துகொண்டு போக இன்னோர் ஆள் தேவைப்படுகிறது.

ஒரு கேள்வி: இதற்குள் இருந்துகொண்டு உண்மையிலேயே நீந்த முடிகிறதா?

மீண்டும் இரணியலிலிருந்து:

தக்கலை நண்பருக்கு: முடியாது. கையை வீசினால் கம்பியில் இடிக்கும். வளையத்தைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடிப்பது, நின்ற இடத்திலேயே நீரில் நடப்பது, மல்லாந்து கிடப்பது ஆகிய மூன்றுக்கும்தான் இடமுண்டு. என் முழங்காலுக்கு அது போதும். குளத்தைக் குறுக்காகக் கடக்க விரும்புகிறவர்களுக்கு இது தடையாகவே இருக்கும்.

மணக்குடித் தம்பி எழுதியதைப் படித்த மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் எட்டு மீட்டர் கயிறு வாங்கி வந்தேன். ஒரு முனையைப் படித்துறைக் கல்தூணிலும் மறுமுனையை வளையத்திலும் கட்டியிருக்கிறேன். என் இடுப்பில் கட்டவில்லை, ஏனெனில் குடை கவிழும்போது கயிறும் துணியும் சேர்ந்து உடலைச் சுற்றிக்கொள்ளக்கூடும். கவிழ்ந்தால் கீழே முங்கி வெளியே வருவதை இடுப்பளவு நீரில் நானே வேண்டுமென்று நான்கைந்து முறை கவிழ்த்துப் பழகினேன். முதல் முறை துணி முகத்தில் ஒட்டியதும் உண்மையில் பயந்துபோனேன். தனியாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன். சாப்பாடு எப்போது என்று கேட்ட அதே பெண் துவைத்து முடிக்கும்வரைதான் இப்போது எனக்கும் குளியல்.

இன்னொன்று: கால் மணி நேரம் அசையாமல் கிடந்தால் நிழலுக்குள் கெண்டைக் குஞ்சுகள் வந்து கூடிவிடுகின்றன. வெயில் சாய்ந்து நிழல் நகரும்போது அவையும் கூடவே நகர்கின்றன. துணியை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதை இப்போதெல்லாம் அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.