ஒரே ஆளுக்கு ஐந்து நட்சத்திரம்: ஜீன் ஆட்ரிக்கு இது தகுமா?

ரேடியோபைத்தியம்: போன மாதம் லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தேன். ஹாலிவுட் பொலிவார்டு நடைபாதையில் கலைஞர்களைக் கௌரவிக்க 2,700-க்கும் மேல் நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள். கருஞ்சாம்பல் சதுரம், நடுவில் இளஞ்சிவப்பு நட்சத்திரம், பித்தளையில் பெயர், அதன் கீழே எந்தத் துறைக்காக என்று சொல்லும் வட்டச் சின்னம். சினிமா, டிவி, இசைத்தட்டு, ரேடியோ, மேடை என்று இந்த ஐந்துக்கும் நட்சத்திரம் வாங்கிய ஒரே ஆள், ‘கன்ட்ரி’ என்னும் அமெரிக்கக் கிராமிய இசைப் பாடகர் ஜீன் ஆட்ரி. ஐந்தும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. வெயிலில் குனிந்த தலை நிமிராமல் தேடிக் கண்டுபிடித்தேன். டெக்சஸில் பிறந்து ரயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்த பையனுக்கு இது நியாயமான மரியாதை என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உண்டா?

மொட்டைமாடி: உண்டு அண்ணே. ஆட்ரி ஆரம்பத்தில் பாடினதெல்லாம் அவருக்கு முந்தின கன்ட்ரி பாடகர் ஜிம்மி ரோஜர்ஸைப் பார்த்து, அதே யோடல் (குரலைச் சட்டுனு மேல ஏத்தி இறக்கிப் பாடுறது), அதே இழுப்பு. அப்புறம் சினிமாவுக்குப் போய் குதிரை மேல உட்கார்ந்து கிட்டார் வாசிச்சார். மாட்டுக்காரன் வேஷம் போட்டவருக்கு அஞ்சு. 29 வயசுல கார் பின் சீட்ல செத்துப்போன கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸுக்கு அதே தெருவில் ஒண்ணே ஒண்ணு. கன்ட்ரி இசைக்குத் தலைநகரான நாஷ்வில்காரங்களுக்கு யார் யார்னு தெரியும். கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்ங்கிற புகழ் மண்டபத்துல 1961-ல் சேர்த்த முதல் மூணு பேர்ல ரோஜர்ஸும் ஹாங்கும் இருக்காங்க. ஆட்ரி உள்ளே வந்தது 1969-ல்.

ரேடியோபைத்தியம்: தம்பி, நட்சத்திரம் பாட்டின் ஆழத்தை அளக்கிற தராசு இல்லை. எத்தனை துறையில் வேலை செய்தாய் என்பதுதான் கணக்கு. 1940 முதல் 1956 வரை சிபிஎஸ் ரேடியோவில் ‘மெலடி ராஞ்ச்’. 1950-லிருந்து டிவி. படங்கள் தொண்ணூறுக்கு மேல். 1949-ல் பாடிய சிவப்பு மூக்கு மான் பாட்டு இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கக் கடைகளில் ஓடுகிறது. நடுவில் 1942-ல் தன் ரேடியோ நிகழ்ச்சியிலேயே உறுதிமொழி எடுத்து விமானப்படையில் சேர்ந்தார். இந்தியா, பர்மா, சீனா பக்கம் சரக்கு விமானம் ஓட்டினார். வேஷம் போட்டவர் செய்கிற வேலையா இது?

மொட்டைமாடி: விமானம் ஓட்டினதுக்கு நட்சத்திரம் கொடுக்கலையே. சரி, காசு விஷயத்துக்கு வருவோம். பேரை முன்மொழிகிறவங்க பணம் கட்டணும். இன்னைக்கு ரேட்டு 75,000 டாலருக்கும் மேல. நடத்துறது ஹாலிவுட் வர்த்தக சபை. வியாபாரிகள் சங்கம் விக்கிற டைல்ஸுக்குப் பேர் மரியாதையா?

ரேடியோபைத்தியம்: கட்டணம் வந்ததே 1980-ல்தான். அவருடைய நாலு நட்சத்திரம் அதற்கு முந்தியது. அப்போது காசு வாங்கவில்லை.

மொட்டைமாடி: அஞ்சாவது?

ரேடியோபைத்தியம்: அது 1987. மேடைப் பிரிவு என்று ஒன்றை 1984-ல் புதிதாகச் சேர்த்தார்கள். நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த ரோடியோ (குதிரை, மாடு அடக்கும் வித்தைக் காட்சி) முதற்கொண்டு ஊர் ஊராகக் குதிரையோடு போய்ப் பாடியவர். அந்தக் கணக்கில் கொடுத்தார்கள்.

மொட்டைமாடி: ஆக அஞ்சாவதுக்கு ரசீது இருக்கும். அதோட நிறுத்திக்கறேன் 😄

கரிசல்காடு: நீங்க ரெண்டு பேரும் எண்ணிக்கையிலேயே நிக்கிறீங்க. எனக்கு அஞ்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒரு மனுஷன் பேரை எழுதித் தரையில பதிச்சு, ஊரே மிதிச்சுட்டுப் போகணுமா? நம்ம வீட்டுல நோட்டுப் புத்தகம் கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். முகமது அலி இதைத்தான் சொன்னார். நபியோட பேர் அது, கால்ல மிதிபடக் கூடாதுன்னார். அதனால 2002-ல் அவர் நட்சத்திரத்தை மட்டும் தியேட்டர் சுவத்துல பதிச்சாங்க. கேட்டா செய்வாங்கன்னு ஆகுதுல்ல? அப்ப மத்தவங்க ஏன் கேட்கல?

வடகலைவாண்டு: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அடியார்கள் ஏறி இறங்கும் படியாய்க் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் குலசேகர ஆழ்வார். பெருமாள் கோயில் கருவறை வாசற்படிக்கு அவர் பெயர்தான். கால் பட்டால் அவமானம் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது.

கரிசல்காடு: சாமி, அங்க வர்றவன் பெருமாளைப் பார்க்க வர்றான். இங்க ஸ்பைடர்மேன் வேஷம் போட்டவன் ஆட்ரி மேல நின்னுக்கிட்டு போட்டோவுக்குக் காசு கேட்கிறான். ரெண்டும் ஒண்ணா? மரியாதைன்னா ஓக்லஹோமாக்காரன் செஞ்சதைச் சொல்லுங்க. பெர்வின்னு ஒரு சின்ன ஊரு. 1941-ல் ஊர் பேரையே ‘ஜீன் ஆட்ரி’ன்னு மாத்திக்கிட்டாங்க. அதை யாரும் மிதிக்க முடியாது, பேர்த்தெடுத்துட்டுப் போகவும் முடியாது.

மொட்டைமாடி: பேர்த்தெடுத்ததும் நடந்திருக்கு. ரோட்டு வேலை நடந்த இடத்துல இருந்து ஆட்ரி நட்சத்திரம் ஒண்ணைத் திருடிட்டாங்க. ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 300 பவுண்டு. வண்டி வெச்சுத்தான் தூக்கியிருக்கணும். அவ்வளவு பாரத்தைத் தூக்கிட்டுப் போக ஆளு இருந்திருக்குன்னா மவுசு இருக்கு, அதை மட்டும் ஒத்துக்கறேன்.

ரேடியோபைத்தியம்: கரிசல் அண்ணே, உங்கள் கட்சியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வாதத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அங்கே நான் எதையும் மிதிக்கவில்லை. கால் தானாக விலகிப் போனது. கூட வந்த மகள் சிரித்தாள். ரேடியோ நட்சத்திரத்தில் பித்தளை மைக்குக்குப் பக்கத்தில் சூயிங்கம் ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஹோட்டல் சாவி அட்டையால் சுரண்டினேன். பாதிதான் வந்தது.

மொட்டைமாடி: அண்ணே, மெலடி ராஞ்ச் நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் யாருன்னு தெரியுமா?

ரேடியோபைத்தியம்: தெரியும். ரிக்லி சூயிங்கம்.

மொட்டைமாடி: அப்புறம் ஏன் சுரண்டினீங்க? அவங்க இடம்ணே அது.