7 வருஷ வாரண்டிக்காக புடிச்ச காரை விட்டுடலாமா?

டோல்கேட்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல மொத மொதல்ல கார் எடுக்கப் போறோம். ஆன் ரோடு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து 11 லட்சம், அதுக்கு மேல ஏத்த முடியாது, ஏன்னா அக்கா கல்யாணக் கடனே இன்னும் 2 வருஷம் இருக்கு. வேலைக்கு நான் பைக்ல தான் போவேன், கார் அப்பாவ ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு செக்கப் கூட்டிட்டுப் போக, சனி ஞாயிறு வெளிய போக, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ திண்டிவனம் பக்கம் ஊருக்குப் போக, அவ்ளோ தான். மாசம் 600 கிமீ தாண்டாது.

ரெண்டு வண்டில வந்து நிக்குறோம். மொதல் வண்டிய ஓட்டிப் பாத்தேன், ரொம்ப புடிச்சிருக்கு, முட்டி வலி இருக்கிற அப்பாவே கை கொடுக்காம ஏறி உக்காந்துட்டாரு, ஆனா அதுக்கு வாரண்டி 3 வருஷம் இல்ல 1 லட்சம் கிமீ. ரெண்டாவது வண்டி ஷோரூம்ல 7 வருஷம் வாரண்டின்னு சொல்றாங்க. மாமா ஒரே முடிவா "லோனும் 7 வருஷம், வாரண்டியும் 7 வருஷம், கடன் அடையிற வரைக்கும் கைய கடிக்காது, அதையே எடு"ன்னு நிக்குறாரு. வீட்ல எல்லாரும் அவர் பக்கம் சாஞ்சிட்டாங்க. வாரண்டிய வெச்சு கார முடிவு பண்றது சரியா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

மூலக்கடை_ராஜா:
தம்பி மொதல்ல ஒண்ணு கேளு, அந்த 7 வருஷம் வண்டியோட சும்மா வருதா, இல்ல காசு கட்டி வாங்கறதா? நம்மூர்ல 3 வருஷம் கம்பெனி கொடுக்கிறது, மிச்சம் 4 வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டின்னு தனியா பணம் வாங்குவாங்க, பில்லுல இன்சூரன்ஸ், பாஸ்டேக், ஆக்சஸரீஸ்னு வர்ற வரிசையில இதுவும் ஒரு வரியா வந்து நிக்கும், நாம பாக்காம கையெழுத்து போட்டுடுவோம். அப்படின்னா நீ 3-ஐயும் 7-ஐயும் ஒப்பிடவே இல்ல, 3-ஐயும் 3-ஐயும் தான் ஒப்பிடுற. மொதல் ஷோரூம்லயும் போய் "நீட்டிக்க எவ்ளோ, எத்தன வருஷம் வரைக்கும்"னு கேளு, அங்கயும் கண்டிப்பா ஏதாவது இருக்கும்.

அப்புறம் உன் ஓட்டம். மாசம் 600னா வருஷத்துக்கு 7,200, 3 வருஷத்துல 22 ஆயிரம் கூட வராது. வருஷமோ கிலோமீட்டரோ எது முந்துதோ அதோட வாரண்டி முடியும்ங்கிறது தான் கணக்கு. உனக்கு எப்பவும் வருஷம் தான் முந்தும், அதனால 1 லட்சம் கிமீ, அன்லிமிடெட் கிமீன்னு எவனாவது பெருசா சொன்னா காதுலயே போட்டுக்காத. வாடகைக்கு ஓட்டுறவங்களுக்கு நேர் எதிர்மாறு, 2 வருஷத்துலயே 1 லட்சம் ஓடிடும், அவங்களுக்கு வருஷக் கணக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாது. மாருதில கூட முன்ன 2 வருஷம் 40,000 கிமீ தான் இருந்துச்சு, 2024 ஜூலைல தான் 3 வருஷம் 1 லட்சம் கிமீன்னு ஏத்தினாங்க. போட்டி அந்த அளவுக்கு இருக்கு.

டோல்கேட்_தம்பி:
அண்ணா இப்ப தான் கொட்டேஷன எடுத்துப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே தனி வரியா இருக்கு. மாமாகிட்ட காட்டினேன், ஒண்ணும் பேசல.

எண்ணூர்ரோடு_அக்கா:
தம்பி நான் திருவொற்றியூர், கடல் ரோட்டுல இருந்து ரெண்டாவது தெரு, ஏஎம்டி வண்டி, அதாவது கிளட்ச் மிதிக்காம தானா கியர் மாறுற வண்டி வெச்சிருக்கேன், 6வது வருஷம் ஓடுது. கம்பெனி பேர் வேணாம், நடந்தத சொல்றேன்.

4வது வருஷம், எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்குது, நடுவுல நான். டேஷ்போர்டுல கியர் காட்டுற எடத்துல எழுத்து மின்னி மின்னி அணையுது, ஆக்சிலேட்டர மிதிச்சா எஞ்சின் தான் கத்துது வண்டி நகரல, பின்னாடி லாரிக்காரன் ஹாரன விடவே இல்ல, பக்கத்துல என் பொண்ணு அழுவுறா. ரெண்டு பேர் எறங்கி வந்து ஓரமா தள்ளி விட்டாங்க, அவங்க நல்லா இருக்கணும். டோ பண்ணி சர்வீஸ் சென்டர் போனா கியர் மாத்துற ஆக்சுவேட்டர் போயிடுச்சு, எஸ்டிமேட் 50 ஆயிரத்துக்கு மேல. எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டிருந்ததால ஒரு பைசா கட்டல. அன்னிக்கு அந்த தாளு கையில இல்லன்னா நகைய தான் அடகு வெச்சிருப்பேன்.

ஆனா அதே வண்டி, அதே வாரண்டி, 5வது வருஷம் பின் கதவுக்குக் கீழ பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பிச்சு, நகத்தால கீறினா உள்ள செவப்பா துரு பொடிப் பொடியா கொட்டுது. எடுத்துட்டுப் போனேன், சர்வீஸ் அட்வைசர் வாரண்டி புக்லெட்ட திருப்பி ஒரு பக்கத்த காட்டுறாரு, உப்புக்காத்து, தொழிற்சாலைப் புகை, காத்துல வர்ற தூசு இதால வர்ற பாதிப்புக்கு வாரண்டி கெடையாதாம். காசிமேடு, எண்ணூர், மணலி சுத்தி குடியிருக்கிறவங்களுக்கு இத விட்டா வேற இன்னா பாதிப்பு வரும்? அந்தப் பக்கத்த வண்டி எடுக்கும்போதே யாரும் காட்டல, அது தான் இன்னிக்கும் எனக்கு ஆத்திரம்.

நீ வடசென்னை டோல்கேட் ஏரியால தான இருக்க, கடல் காத்து உன் வண்டியையும் விடாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி அடிப்பக்கம் ஆன்டி ரஸ்ட் அடி, வாரத்துக்கு ஒரு தடவ நல்ல தண்ணி ஊத்தி கழுவு, போர் தண்ணில கழுவாத.

வியாசர்பாடி_பாஸ்கி:
அக்கா சொன்னது சத்தியம். வெள்ளத்தையும் சேத்துக்கோங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல வண்டிங்க சீட்டு வரைக்கும் முங்கிச்சு, தண்ணி வடிஞ்ச உடனே ஸ்டார்ட் பண்ணவங்க எஞ்சின் மொத்தமா போச்சு. அதுக்கு எந்த கம்பெனி வாரண்டியும் வராது, இன்சூரன்ஸ்ல எஞ்சின் புரொடெக்ஷன்னு தனியா சேத்திருந்தா தான் வரும். தம்பி, பட்ஜெட் இடிச்சா மொதல்ல அத போடு, அப்புறம் தான் எக்ஸ்டெண்டட் வாரண்டி. கிளட்ச் பிளேட்டு, பிரேக் பேடு, வைப்பர் இதெல்லாம் தேயுற சாமான், எத்தன வருஷ வாரண்டியா இருந்தாலும் நம்ம காசு தான்.

மாதவரம்_ஓட்டுநர்:
மாமா நெனைக்கிறதுலயும் தப்பில்ல. வாரண்டிய பாத்து ஜனங்க கார் வாங்குறது உண்மை தான். 1998-ல ஹூண்டாய் அமெரிக்கால எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருஷம் 1 லட்சம் மைல் வாரண்டின்னு அறிவிச்சாங்க, ஏன்னா அதுக்கு முன்னாடி வித்த வண்டிங்க தரத்தால அங்க பேரு கெட்டுக் கெடந்துச்சு, சொல்லால நம்ப வைக்க முடியாதுன்னு தாளுல எழுதிக் கொடுத்தாங்க, அதுக்கப்புறம் விற்பன ஏறிச்சு. ஆனா அந்த 10 வருஷம் மொதல் ஓனருக்கு மட்டும், கை மாறினா கொறஞ்சிடும். அதே காலத்துல டொயோட்டா, ஹோண்டா எல்லாம் அவ்ளோ நீளமா கொடுக்காமலே நல்லா வித்துட்டு தான் இருந்தாங்க. அதனால நீளமான வாரண்டின்னா வண்டி நல்ல வண்டின்னு அர்த்தம் இல்ல, பேரு சம்பாதிக்கணும்னும் இருக்கலாம்.

நம்மூர்ல இப்ப எலக்ட்ரிக் வண்டிக்கும் இப்படித்தான். பேட்டரி தான் பாதி வண்டி, அதுக்கு 8 வருஷம் 1,60,000 கிமீ கொடுக்கலன்னா யாரும் கிட்டயே போக மாட்டாங்க. எலக்ட்ரிக், ஹைபிரிட், ஆட்டோமேட்டிக் எடுத்தா நானே வாரண்டிய தான் மொதல்ல பாப்பேன். தம்பி, உன்னுது மேனுவல் பெட்ரோல் தான?

டோல்கேட்_தம்பி:
ஆமா ணா, ரெண்டுமே மேனுவல் பெட்ரோல்.

மாதவரம்_ஓட்டுநர்:
அப்ப உங்கப்பா கை கொடுக்காம ஏறின வண்டிய எடு. புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு வண்டி வாரண்டி புக்லெட்டையும் கேட்டு வாங்கி "எதுக்கு கெடையாது"ங்கிற பக்கத்த முழுசா படி. வெளிய வயர வெட்டி ஆடியோ, லைட்டுன்னு எதையும் மாட்டாத, அந்த லைன்ல எது போனாலும் கைய விரிச்சிடுவாங்க. சர்வீஸ் தேதி ஒண்ணு கூட தவற விடாத, பில்லெல்லாம் ஒரு பைல்ல போடு. நியாயமான கிளெய்ம மறுத்தா 1915-க்கு போன் போடு, நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்.

டோல்கேட்_தம்பி:
ரொம்ப நன்றி ணா, அக்காவுக்கும் நன்றி. மொதல் ஷோரூமுக்கு போன் பண்ணேன், அங்கயும் 5 வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாமாம், 3 வருஷம் முடியறதுக்குள்ள எப்ப வேணா போட்டுக்கலாம், ஆனா தள்ளிப் போட்டா காசு ஏறுமாம். இன்சூரன்ஸ்ல எஞ்சின் புரொடெக்ஷன் சேத்து புது கொட்டேஷன் கேட்டிருக்கேன். ஞாயித்துக்கிழம அப்பாவையும் மாமாவையும் கூட்டிட்டுப் போறேன், புக்லெட்ட மாமா கையில கொடுத்து படிக்கச் சொல்லப் போறேன்.