டெர்ரி, லண்டன்டெர்ரி இரண்டும் ஒரே ஊரா? ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும்

லெட்டர்கெனி புதியவள்:
அனைவருக்கும் வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் இடத்தை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அயர்லாந்தின் டொனிகால் மாவட்டத்து லெட்டர்கெனியில் தேடித் தேடி ஓய்ந்துவிட்டேன். கடைசியில் காரில் முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. இரண்டு படுக்கையறை, வாடகை 850 தான். விளம்பரத்தில் ஊர் லண்டன்டெர்ரி என்று இருக்கிறது. மருத்துவமனையில் கூட வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் காட்டினேன். “டெர்ரி” என்று அழுத்தித் திருத்தினார், முகமும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நேற்று வீட்டைப் பார்த்து வந்தேன். அந்தத் தெருவில் நடைபாதை ஓரக் கற்களுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசியிருக்கிறார்கள். கம்பத்துக்குக் கம்பம் பிரிட்டிஷ் கொடி. இது ஏதாவது கட்சிக்காரர்கள் தெருவா? நம்மவர்கள் குடியிருக்கலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

கார்க் பழைய ஆள்:
வீடு கிடைத்தால் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். நான் வந்தது 2009-ல். அப்போது வங்கிகள் கவிழ்ந்து, கட்டி முடிக்காத வீடுகள் ஊர் ஊராகக் காலியாகக் கிடந்தன, வேலைதான் இல்லை. 2010 டிசம்பர் குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோய், முற்றத்துப் பனியை வாளியில் அள்ளி உருக்கிக் கழிவறைக்கு ஊற்றினேன். ஓரக் கல்லுக்கு என்ன நிறம் என்று பார்க்கும் வசதியெல்லாம் அன்று எங்களுக்கு இல்லை.

வரலாற்றுப் பித்தன்:
கார்க் அண்ணா பனிக் கதையை இதோடு எத்தனையாவது இழையில் சொல்கிறார் என்று தெரியவில்லை. தங்கை கேட்டதற்கு வருகிறேன்.

லெட்டர்கெனிக்கு வடக்கே ராத்மல்லன் என்ற கடலோர ஊர் இருக்கிறது. 1607 செப்டம்பரில், தீவின் வடபகுதியான அல்ஸ்டரின் கேலிக் (பூர்வ ஐரிஷ்) தலைவர்களான ஓ'நீலும் ஓ'டோனலும் சுற்றத்தோடு அங்கிருந்துதான் கப்பலேறினார்கள். இருவரும் உயிரோடு திரும்பவில்லை. அவர்களுடைய நிலத்தை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் புராட்டஸ்டண்ட் குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தியது. டெர்ரியைக் கட்டும் பொறுப்பு லண்டன் வணிகச் சங்கங்களுக்குப் போனது. 1613 அரசப் பட்டயத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் லண்டன் வந்து சேர்ந்தது அப்படித்தான். அவர்கள் எழுப்பிய மதில் இன்றும் முழுதாக நிற்கிறது. மேலேறி ஊரைச் சுற்றி நடக்கலாம். 1689-ல் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் படை அந்த மதிலை முற்றுகையிட்டது. உள்ளே இருந்த புராட்டஸ்டண்டுகள் எலியையும் நாயையும் தின்று தாக்குப்பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்ட் மன்னர் ஆரஞ்சு வில்லியம் ஜேம்ஸைத் தோற்கடித்தார். ஜூலை 12 ஊர்வலமும் முந்தைய இரவின் சொக்கப்பனைகளும் அந்த வெற்றிக்காகத்தான். ஓரக் கற்களின் நிறமும் அந்த நினைவின் வாரிசு.

ஆக, லண்டன்டெர்ரி என்பவர் பெரும்பாலும் பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட். டெர்ரி என்பவர் பெரும்பாலும் ஐரிஷ் தேசியவாதி. 1984-ல் நகர மன்றம் தன் பெயரை டெர்ரி என்று மாற்றிக்கொண்டது. ஆனால் நகரத்தின் சட்டப்படியான பெயர் லண்டன்டெர்ரிதான் என்று 2007-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலைப் பலகைகளில் லண்டன் மேல் மட்டும் பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மருத்துவமனையில் டெர்ரி என்றே சொல்லுங்கள்.

டெர்ரிவாழ் யாழ்ப்பாணத்தான்:
தங்கச்சி, நான் இங்கே குடும்பத்தோடு வசிக்கிறேன். தாராளமாக வரலாம். கொடியையும் கற்களையும் பார்த்தால் ஆற்றுக்குக் கிழக்கே வாட்டர்சைடு பக்கம் என்று நினைக்கிறேன். அங்கேயும் எங்களை எவரும் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை. ஜூலை, ஆகஸ்டில் ஊர்வல நாட்களில் மட்டும் பாதையை விசாரித்துக்கொண்டு வெளியே போங்கள். மேற்குக் கரையில் பாக்சைடு இருக்கிறது. 1972 ஜனவரி 30 அன்று, விசாரணையின்றிச் சிறைவைப்பதை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மீது பிரிட்டிஷ் பாராசூட் படை அங்கே சுட்டது. 13 பேர் அன்றே இறந்தார்கள், காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். முதல் விசாரணை சில வாரங்களில் முடிந்து படையை ஏறக்குறைய விடுவித்துவிட்டது. இரண்டாவது விசாரணை 1998-ல் தொடங்கி, 2010 ஜூனில்தான் அறிக்கை வந்தது: இறந்தவர்கள் எவராலும் சிப்பாய்களுக்கு ஆபத்து இருக்கவில்லை. அன்றே பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 38 ஆண்டுகள். எங்கள் பக்கத்தில் எத்தனை விசாரணைக் குழுக்கள் வந்து போயின என்று எண்ணிப் பார்ப்பவனுக்கு அந்த மன்னிப்பு சின்ன விஷயமாகத் தெரியாது.

டப்ளின் மேகலா:
அண்ணன் சொல்வதைக் கேட்டுப் போய்விடாதே அம்மா. தெருவே இன்ன கட்சி என்று கற்களில் எழுதி வைத்திருக்கிறது. அங்கே ஒரு பெண் தனியாக எதற்கு? இரவுப் பணி முடிந்து வரும்போது யார் துணை? நான் இருந்தால் கூடுதலாக 400 கொடுத்தாவது தெற்கிலேயே இருப்பேன்.

டெர்ரிவாழ் யாழ்ப்பாணத்தான்:
டப்ளின் நகர மையத்தில் இரவு பதினொரு மணிக்கு நடந்து பார்த்துவிட்டு எங்கள் ஊரைப் பற்றிப் பேசுங்கள் அக்கா.

கார்க் பழைய ஆள்:
கூடுதலாக 400 கொடுத்தால் மட்டும் வீடு கிடைத்துவிடுமா? ஒரு வீட்டைப் பார்க்க வரிசை தெருமுனை வரை நிற்கிறது. 1922-ல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை ஏற்பதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட இரண்டு கூட்டத்தின் வாரிசுகள்தான் ஃபியன்னா ஃபாயில், ஃபினே கேல் கட்சிகள். சுதந்திரம் வந்ததிலிருந்து மாற்றி மாற்றி ஆண்டார்கள். 2020-ல் ஒன்றாக அமைச்சரவையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாடகை மட்டும் எவர் ஆண்டாலும் ஏறுகிறது.

வரலாற்றுப் பித்தன்:
வீட்டைவிட்டு வெளியேற்றுவது என்பது இந்த ஊருக்குப் பழைய புண். லெட்டர்கெனியிலிருந்து அரை மணி நேரத்தில் கிளென்வே கோட்டை. நம்மவர்கள் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம். அதைக் கட்டிய ஜான் ஜார்ஜ் அடேர் 1861 ஏப்ரலில் டெரிவே பகுதியின் 47 குடும்பங்களை, 244 பேரை, போலீஸ் துணையோடு குடிசைகளிலிருந்து துரத்தினார். உருளைக்கிழங்குப் பெரும்பஞ்சம் முடிந்து ஏறக்குறைய பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. நன்கொடை திரட்டி அவர்களில் பலரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். இன்றைய டொனிகாலில் இடம் கிடைக்காததற்குக் காரணம் வேறு: மைக்கா கலந்த கட்டுமானக் கற்களால் ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல்விட்டு உதிர்கின்றன. இடித்துக் கட்டும்வரை அந்தக் குடும்பங்களும் வாடகை வீடுதான் தேடுகின்றன.

டப்ளின் மேகலா:
மழையைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.

ஸ்லைகோ செவிலி:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தங்கை எந்த நாட்டு பாஸ்போர்ட், என்ன அனுமதியில் வேலை செய்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே. அந்த வீடு அயர்லாந்துக் குடியரசில் (தெற்கு) இல்லை, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில் (வடக்கு) இருக்கிறது. 850 என்பதும் யூரோ அல்ல, பவுண்டு.

லெட்டர்கெனி புதியவள்:
இந்திய பாஸ்போர்ட். செவிலியர் பணி, ஸ்டாம்ப் 1 (வேலை அனுமதி முத்திரை), ஐ.ஆர்.பி. (அயர்லாந்து வசிப்பு அனுமதி) அட்டை கையில் இருக்கிறது. ஆனால் அக்கா, வழியில் எந்தச் சோதனைச் சாவடியும் இல்லையே? பாலம் இல்லை, கம்பி வேலி இல்லை. பிரிட்ஜெண்ட் தாண்டியதும் வேகப் பலகையில் எண் மட்டும் மாறியது.

ஸ்லைகோ செவிலி:
மாறியது மைல் கணக்கு, அதுதான் எல்லை. 1921-ல் தீவைப் பிரித்தபோது அல்ஸ்டரின் ஒன்பது மாவட்டங்களில் ஆறை மட்டும் வடக்கோடு வைத்துக்கொண்டார்கள். டொனிகாலையும் சேர்த்தால் யூனியனிஸ்ட்களின் பெரும்பான்மை ஆட்டம் காணும் என்று கணக்குப் போட்டார்கள். டொனிகால்காரர்கள் சந்தைக்குப் போய்வந்த டெர்ரி ஒரே நாளில் வெளிநாடானது. 1923-ல் சுங்கச் சாவடி வந்தது, 1970-களில் பிரிட்டிஷ் ராணுவம் சிறு சாலைகளைக் குண்டு வைத்துப் பெயர்த்து அடைத்தது. சுங்கச் சாவடிகள் 1993-ல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தையோடு போயின, ராணுவச் சாவடிகள் 1998 புனித வெள்ளி அமைதி உடன்படிக்கைக்குப் பிறகு அகன்றன. பிரெக்ஸிட் வந்தபோது அத்தனை பேச்சுவார்த்தையும் இங்கே மறுபடி ஒரு சாவடி முளைக்கக் கூடாது என்பதற்காகத்தான். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஆனால் தடையில்லாமல் போய்வரும் உரிமை அயர்லாந்து, பிரிட்டன் குடிமக்களுக்கு மட்டும். ஐ.ஆர்.பி. அட்டை தெற்கே மட்டுமே செல்லும். உனக்கு வடக்கே ஒரு மணி நேரம் போகவும் பிரிட்டன் விசா வேண்டும். சுற்றுலா விசா எடுத்தாலும் அங்கே குடியிருக்க முடியாது. பின்னால் குடியுரிமைக்கு நீ காட்டப்போகும் ஐந்து ஆண்டு வசிப்பும் தெற்கில் இருந்த காலமாக இருக்க வேண்டும். நேற்று போய் வந்ததை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம், இனி போகாதே. முன்பணம் கட்டாதே.

டெர்ரிவாழ் யாழ்ப்பாணத்தான்:
அது சரி. நாங்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அதனால் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஸ்லைகோ செவிலி:
இப்போது இருக்கும் இடம் தனி வீடா, வீட்டுக்காரர் கூடவே இருக்கிறாரா?

லெட்டர்கெனி புதியவள்:
அவர் வீட்டில் ஒரு அறை அக்கா. சமையலறை பொது. ஜூனில் அம்மா வேறு வருகிறார்.

ஸ்லைகோ செவிலி:
தனி வீடாக இருந்தால் எழுத்து மூலம் அறிவிப்பும் மாதக் கணக்கில் அவகாசமும் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்காரரோடு அறை என்றால் வாடகைதாரர் சட்டம் துணைக்கு வராது. அதனால் சண்டை போடாமல் இரண்டு வாரம் கூடுதலாகக் கேள். மே மாதம் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊருக்குப் போவார்கள். கோடை முடியும்வரை பல மாணவர் வீடுகள் காலி. திங்கட்கிழமை மருத்துவமனைப் பணியாளர் பிரிவிலும் அறிவிப்புப் பலகையிலும் சொல்லிவை. ராமெல்டன், நியூட்டவுன்கன்னிங்ஹாம், பாலிபோஃபே, ராஃபோ எல்லாம் தெற்குதான், கார் இருந்தால் எட்டும் தூரம்.

அம்மாவை அழைத்துவர டப்ளின் போகும்போது இன்னொன்றைக் கவனி. டப்ளின் – லெட்டர்கெனி நேர் பஸ் ஓமா, ஸ்ட்ரபேன் வழியாக வடக்கே புகுந்துதான் வருகிறது. இடையில் அதிகாரிகள் ஏறி அட்டை கேட்பதுண்டு. நீ லெட்டர்கெனியிலிருந்து ஸ்லைகோவுக்கு பஸ், அங்கிருந்து டப்ளினுக்கு ரயில் என்று போ. டொனிகாலில் 1965-க்குப் பிறகு ரயில் சேவையே கிடையாது.

வரலாற்றுப் பித்தன்:
அம்மாவின் வருகை விசாவில் பி.ஐ.வி.எஸ். என்று குறித்திருக்கிறார்களா பாருங்கள். இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. அந்தக் குறி இருந்தால், அயர்லாந்தில் இறங்கிய பிறகு அம்மா தாராளமாக டெர்ரி மதில்மேல் நடக்கலாம். உங்களால்தான் கூடப் போக முடியாது.

டெர்ரிவாழ் யாழ்ப்பாணத்தான்:
அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். இந்தப் பக்கத்து நிலையத்தில் என் மனைவி வந்து அழைத்துக்கொள்வார்.