டப்பாவில் அடைத்த சாலட் மதியம் வரை தாங்க வேண்டுமானால்

அக்கா, அண்ணன் எல்லோருக்கும் வணக்கம். வெளிநாடு வந்து வேலையில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு மைக்ரோவேவ். மதிய இடைவேளை அரை மணி நேரம். அதில் பாதி அந்த வரிசையிலேயே கரைந்துவிடுகிறது. சுட வைக்க வேண்டாத சாப்பாடாக இருக்கட்டும் என்று சாலட் கொண்டுபோகத் தொடங்கினேன். வெள்ளரிக்காய், தக்காளி, கீரை இலை, உப்பு, எலுமிச்சைச் சாறு. ஞாயிறு இரவே ஐந்து டப்பாக்களில் கலந்து வைத்தேன். திங்களன்று நன்றாகத்தான் இருந்தது. புதன்கிழமை திறந்தால் இலையெல்லாம் தண்ணீரில் மிதக்கிறது. சாப்பிட்டாலும் மூன்று மணிக்கே பசிக்கிறது, பிஸ்கட்டைத் தேடிப் போகிறேன். தினமும் ஒரே சுவை என்பதால் சலிப்பு வேறு. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

*

தம்பி, வரிசையில் நின்று கால் ஓய்ந்துதான் நானும் சாலட்டுக்கு வந்தேன். உடம்பைப் பற்றிய அக்கறையெல்லாம் பிறகு சேர்ந்துகொண்டது. ஒன்பது ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் இதுதான் எனக்கு மதிய உணவு. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளையும் நானும் பட்டிருக்கிறேன்.

முதலில் தண்ணீர். வெட்டிய காயின் மேல் உப்புப் பட்டால் அது உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். வெள்ளரியிலும் தக்காளியிலும் இருப்பதே பெரும்பாலும் நீர்தான். ஞாயிறு போட்ட உப்பு திங்கள், செவ்வாய் என்று வேலை செய்துகொண்டே இருந்தால் புதன்கிழமை குளம்தான். ஆகவே உப்பும் புளிப்பும் சேர்ந்த எதுவும் இலையைச் சாப்பிடும் நேரம் வரை தொடக் கூடாது. உயரமான கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் டிரெஸ்ஸிங், அதாவது சாலட் மேல் ஊற்றும் புளிப்புக் கலவை. அதன் மேல் ஊறினால் கெடாதவை: கொண்டைக்கடலை, கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய். நடுவில் தானியமோ முட்டையோ. உச்சியில் இலை. ஜாடி படுக்காமல் பையில் நிமிர்ந்தே போக வேண்டும். மதியம் ஒரு தட்டில் கவிழ்த்தால் டிரெஸ்ஸிங் தானாகவே மேலிருந்து வழியும்.

வெள்ளரி இல்லாமல் முடியாது என்றால், விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டு, வெட்டிய துண்டுகளில் சிறிது உப்புத் தூவிக் கால் மணி நேரம் வடிதட்டில் வையுங்கள். வடிந்ததைக் கொட்டிவிட்டு, துண்டுகளைத் துடைத்துப் போடுங்கள். பெரிய தக்காளியை வெட்டாதீர்கள். சின்னஞ்சிறு செர்ரி தக்காளியை முழுதாகவே போட்டுவிடலாம். கழுவிய இலையில் ஈரம் நின்றால் டிரெஸ்ஸிங் ஒட்டாது, இலையும் சீக்கிரம் அழுகும். நன்றாக உலர்த்தி, டப்பாவில் காகிதத் துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் வைத்தால் நான்கைந்து நாள் மொறுமொறுப்பாக இருக்கும்.

இலையிலும் வேறுபாடு உண்டு. லெட்யூஸ் மென்மையானது, டிரெஸ்ஸிங் பட்ட அரை மணியில் துவண்டுவிடும். முட்டைக்கோசும் கேல் கீரையும் அதற்கு நேர்மாறு. கேல் இலையின் நடுத்தண்டை நீக்கி, பொடியாக நறுக்கி, துளி எண்ணெயும் உப்பும் விட்டுக் கையால் இரண்டு நிமிடம் பிசைந்தால் அதன் முரட்டுத்தனம் போகும். மறுநாள் இன்னும் சுவையாக இருக்கும். முதல் நாளே கலந்து வைக்க விரும்பும் சோம்பேறிகளுக்கு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இவை இரண்டும் வரம்.

அடுத்தது மூன்று மணிப் பசி. நீங்கள் கொண்டுபோவது சாப்பாடே இல்லை, தம்பி, தொடுகறி. வெள்ளரியும் இலையும் வயிற்றை நிரப்பும், நெடுநேரம் தாங்காது. புரதமும் கொழுப்பும் கொஞ்சம் மாவுச்சத்தும் இருந்தால்தான் மாலை வரை ஓடும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் எட்டொன்பது கிராம் கிடைக்கும். வெந்த கோழி நெஞ்சுக்கறி அதே எடையில் 30 கிராம் வரை தரும். டோஃபு, பனீர், டின் மீன் என்று எது ஒத்துவருகிறதோ அதை ஒரு டப்பாவுக்கு இரண்டு கைப்பிடி போடுங்கள். அதோடு குஸ்குஸ் என்னும் கோதுமைக் குருணை, கினோவா என்னும் தானியம் போன்ற விதை, பாஸ்தா, வேகவைத்த உருளைக்கிழங்கு இவற்றில் ஏதாவது ஒரு கைப்பிடி. குஸ்குஸ் எனக்கு மிகவும் பிடிக்கும். கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் ஐந்து நிமிடம், அடுப்பே வேண்டாம். கினோவாவை மட்டும் நன்றாகக் கழுவாமல் வேகவைக்காதீர்கள். அதன் மேலிருக்கும் சப்போனின் என்னும் பொருள் கசக்கும்.

டின்னில் வரும் பயறு வகைகளைக் குறைவாக நினைக்க வேண்டாம். நீரை வடித்துவிட்டு ஓடும் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். காய்ந்த சிவப்பு ராஜ்மாவை நீங்களே வேகவைப்பதானால் கவனம் தேவை: இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழையும் வரை நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்னும் புரதம் கடுமையான வாந்தியை உண்டாக்கும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் அதை நேரடியாகப் போடவே கூடாது.

சலிப்புக்கு மருந்து டிரெஸ்ஸிங்கில் இருக்கிறது. வாரந்தோறும் பத்து வகைக் காய் வாங்கினால் பாதி குளிர்சாதனப் பெட்டியில் அழுகும். நான் நான்கு காய்தான் வாங்குவேன். டிரெஸ்ஸிங் மட்டும் மூன்று செய்வேன். அடிப்படை எளிது. மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு, சிறிது கடுகுப் பேஸ்ட், உப்பு, மிளகு. மூடியுள்ள சிறு பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் அந்தப் பேஸ்ட் எண்ணெயையும் புளிப்பையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும். மூன்றுக்கு ஒன்று எனக்கு வழுவழுப்பாகத் தோன்றுவதால் இரண்டுக்கு ஒன்று போடுகிறேன். இரண்டாவது, வேர்க்கடலை வெண்ணெயில் எலுமிச்சைச் சாறும் சோயா சாஸும் இஞ்சித் துருவலும் சேர்த்து வெந்நீர் விட்டு இளக்கியது. மூன்றாவது, கெட்டித் தயிரில் புதினாவும் வறுத்துப் பொடித்த சீரகமும். ஒரே முட்டைக்கோஸ், ஒரே கேரட். ஆனால் மூன்று நாளும் வெவ்வேறு சாப்பாடு. பச்சைப் பூண்டு போட்ட எண்ணெய் டிரெஸ்ஸிங்கை மட்டும் வெளியே வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த சேர்க்கைகளையும் சொல்கிறேன். வெந்த பீட்ரூட், ஆரஞ்சுச் சுளை, பச்சைப்பயறு, கொஞ்சம் வால்நட் முதலாவது. பீட்ரூட் தொட்டதையெல்லாம் சிவப்பாக்கிவிடும் என்பதால் அது தனிச் சிற்றறையில் பயணம் செய்யட்டும். உருளைக்கிழங்கு, பீன்ஸ், வெந்த முட்டை மூன்றுக்கும் கடுகு டிரெஸ்ஸிங் பொருந்தும். கிழங்கு சூடாக இருக்கும்போதே பாதி டிரெஸ்ஸிங்கை ஊற்றினால் உள்ளே இறங்கும். காலிஃபிளவரையும் பரங்கியையும் எண்ணெய் தடவி 200 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் ஓவனில் வாட்டி, கொண்டைக்கடலையோடு சேர்த்துத் தயிர் டிரெஸ்ஸிங் ஊற்றிப் பாருங்கள். சாலட் என்றாலே முகம் சுளிக்கும் என் கணவர் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஒரே சாலட் அது. ஒவ்வொன்றிலும் கடிக்க ஏதாவது வேண்டும்: வறுத்த வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, ரொட்டித் துண்டு. அதைத் தனிப் பொட்டலமாக எடுத்துச் சென்று கடைசியில் தூவுங்கள். காலையிலேயே போட்டால் மதியம் சதசதவென்று இருக்கும்.

*

அக்கா, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். எடை குறைக்க வேண்டும் என்று எண்ணெயே சேர்க்காமல் இருந்தேன். அது தவறா? ஐந்து நாளுக்கும் ஞாயிறன்றே செய்து வைத்தால் கெடாதா?

*

எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 120 கலோரி, அதனால் அளந்து ஊற்றுவது சரிதான். ஆனால் அடியோடு விட்டால் நட்டம் உங்களுக்குத்தான். கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமிச் சத்துகளை உடம்பு உறிஞ்சிக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். ஒரு டப்பாவுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். எலுமிச்சையும் சுவைக்கு மட்டுமில்லை. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க வைட்டமின் சி உதவுகிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த இரும்பு சேர்வது குறையும், ஒரு மணி நேரம் பொறுங்கள். எனக்கு இது இன்னும் கைகூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து நாளுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டாம். ஞாயிறன்று மூன்று நாளுக்கு, புதன் இரவு மீதிக்கு. வெந்த தானியமும் பயறும் கோழியும் 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ மூன்று நான்கு நாள்தான் தாங்கும். ஓடு உரிக்காத வெந்த முட்டை ஒரு வாரம் இருக்கும். பயணத்துக்குக் குளிர்காப்புப் பையும் உறைந்த ஜெல் பொட்டலமும் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் போனதும் முதல் வேலையாக டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மேசை மேல் நான்கு மணி நேரம் கிடந்த கோழி சாலட்டைத் தொடாதீர்கள். வெளியே கிடப்பதற்கு எல்லை இரண்டு மணி நேரம், கடும் வெயில் நாளில் ஒரு மணி.

*

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அக்கா சொல்லாமல் விட்டது குளிர்ந்த சோறு. அதையும் சாலட்டில் போடலாம், நான் போடுகிறேன். ஆனால் வடித்த சோற்றை இரவெல்லாம் அடுப்பு மேடையில் விட்டுவிட்டுக் காலையில் டப்பாவில் அடைக்கக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் வேகும் சூட்டையும் தாங்கும். வெதுவெதுப்பில் பெருகிச் சுரக்கும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. ஆறு மாதத்துக்கு முன் இதே சோம்பலால் இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். முளைகட்டிய பயறும் அப்படித்தான். ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு மட்டுமில்லை, கிருமிக்கும் தோது. கர்ப்பிணிகள் பச்சையாகத் தின்னவே வேண்டாம். மற்றவர்களும் வேகவைத்துக்கொள்வது நல்லது.

*

அண்ணன் சொன்னது சரி, சோற்றை நான் மறந்தே போனேன். தம்பி, கடைசியாக இரண்டு சொல்லி முடிக்கிறேன். டின் மீனையும் பச்சை வெங்காயத்தையும் மூடிய கூட்ட அறையில் திறக்காதீர்கள். வெங்காயம் வேண்டுமென்றால் மெல்லிதாக நறுக்கிக் கால் மணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்தெடுங்கள், காரமும் வாடையும் அடங்கும். பொது மேசையில் சாப்பிடுவதானால் வேர்க்கடலை, எள் ஒவ்வாமை உள்ளவர் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அப்படி ஒருவர் எங்கள் பிரிவில் சேர்ந்தபின் வேர்க்கடலை டிரெஸ்ஸிங்கை நான் வீட்டோடு நிறுத்திவிட்டேன்.

மேசை இழுப்பறையில் ஒரு முள்கரண்டி எப்போதும் கிடக்கட்டும். நான் ஒரு நாள் மறந்துபோய், காபி கலக்கும் குச்சிகள் இரண்டை வைத்துக் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகக் குத்தித் தின்றேன். மைக்ரோவேவ் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எனக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.